அல்லித் தொட்டியும் காவிக் கட்டமும்

எனக்கு முன்கோபம் அதிகம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் பக்கத்து வீட்டு அக்காவைத் திட்டிய திட்டைக் கேட்டு, இவன் என்ன மனுஷன் என்று நினைத்துவிடுவீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் எனக்கு மலேரியாத் தடுப்பு வேலை. நெல்லிவாசல் நாட்டுப் பக்கம் சிதறிக் கிடந்த ஊர்களெல்லாம் என் பொறுப்பு. தோளில் ஒரு பை, அதில் மாத்திரைகளும் ரத்தம் தடவி எடுக்கும் கண்ணாடித் துண்டுகளும் இருக்கும். கையில் நீளப் பிடி போட்ட ஒரு வெள்ளைக் கரண்டி. வீடு வீடாகப் போய் யாருக்காவது காய்ச்சலா என்று கேட்பேன். பிறகு கொல்லைப்பக்கம் போய், பானையோ தொட்டியோ உடைந்த சட்டியோ, தண்ணீர் நிற்கிற எதுவானாலும் கரண்டியால் மொண்டு பார்ப்பேன். கொசுப்புழு நெளிந்தால் அங்கேயே கவிழ்த்துவிட்டுத்தான் மறுபேச்சு. "ஏழு நாளைக்கு மேல எந்தத் தண்ணியும் நிக்கக் கூடாது" என்று ஊர் ஊராகக் கத்தினேன். நான் வருவதைப் பார்த்தாலே பிள்ளைகள் அதே வாக்கியத்தை என் குரலில் சொல்லிக்கொண்டு ஓடுவார்கள்.

ஒவ்வொரு வீட்டு வாசல் சுவரிலும் காவியால் ஒரு கட்டம் போட்டிருப்போம். பார்த்துவிட்டு வந்த தேதியை அதற்குள் எழுத வேண்டும். மேலதிகாரி வந்தால் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான். நான் குடியிருந்த வீட்டுச் சுவரிலும் ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு தேதிகூட இல்லை. என் வீட்டுக்கு நானே போய் "காய்ச்சல் கீதா?" என்று கேட்பதா என்று ஒரு அலட்சியம்.

அந்த வீட்டின் பின்வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. வீட்டுக்காரர் மாடு கட்டியிருந்த காலத்தில் கழனித் தண்ணீருக்காக வைத்தது. மலையில் தண்ணீர் என்றால் ஊற்றுக்கு இறங்கி ஏறித் தூக்கி வர வேண்டும். என் மனைவி இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து அந்தத் தொட்டியை நிரப்பி வைப்பாள். பிள்ளைத் துணி அலச, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் அதுதான். அடிமட்டத் தண்ணீர் எத்தனை நாளானது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை. எட்டு மாதம். ஒரு புரட்டாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான் அப்போது நான்கு நாள் நடையாக மலையின் மறுபக்கம் போயிருந்தேன், அடுத்தவர் வீட்டுத் தொட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டு. பஸ் போய்விட்டதால் பக்கத்து வீட்டு அக்காவும் என் மனைவியும் பிள்ளையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஜீப் வரும் பாதைவரை நடந்திருக்கிறார்கள். கீழே ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தும் பிழைக்கவில்லை. ரத்தம் பார்த்ததில் மலேரியா என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு என் மனைவி ஆணியில் தொங்கிய என் கரண்டியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். தொட்டியில் மொண்டு, சிந்தாமல் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வெள்ளைக் கரண்டியில் கருப்புப் புழுக்கள் நெளிந்தன. "ஊர்ல கீற தொட்டியெல்லாம் பாத்தீங்களே, நம்ம வூட்டுத் தொட்டிய ஒருக்கா பாத்தீங்களா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் வாசலுக்குப் போய் அந்த வெறும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு துணிமணிகளைக் கட்டிக்கொண்டு கீழே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில் இருந்தது அந்த ஊர்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் மட்டும்தான். தனியாக இருப்பது கஷ்டம் என்று சொல்வார்கள். கஷ்டமெல்லாம் பெரிதில்லை, சாமைச் சோறு ஆக்கத் தெரியும், துணி துவைக்கத் தெரியும். சாயங்காலம் கதவைத் திறக்கும்போது உள்ளே ஒரு சத்தமும் இருக்காது பாருங்கள், அதுதான் தாங்காது. சில நாள் கதவைத் திறக்காமல் வெளியிலேயே உட்கார்ந்துவிடுவேன். மாதம் ஒருமுறை கீழே போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். மாமியார் சோறு போடுவார். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். மழை உண்டா, சாமை விளைந்ததா என்பாள். வருகிறேன் என்று நான் சொன்னால் தலையை ஆட்டுவாள். வா என்று கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

மறுவருஷம் ஆவணியில் அப்படிப் போய்த் திரும்பும்போதுதான் ஏரியில் அல்லி பூத்திருப்பதைப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் அவள் மலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, "இன்னா ஊருங்க இது, ஒரு ஏரி கூட இல்ல. தண்ணி வர்து, போவுது. நிக்கவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டாள். சின்ன வயதில் அல்லித்தண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒடித்து ஒடித்து மாலை செய்து கழுத்தில் போட்டுக்கொள்வார்களாம். அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பேண்டை மடித்துவிட்டு ஏரியில் இறங்கினேன். முழங்கால்வரை சேறு. தண்டைப் பிடித்துக்கொண்டே அடிவரை கையை விட்டு, ஒரு கிழங்கைப் பெயர்த்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

என் எண்ணம் இதுதான். எந்தத் தொட்டியில் புழு நெளிந்ததோ அதே தொட்டியில் அல்லி பூக்கவேண்டும். பூத்ததும் அவளைக் கூப்பிட வேண்டும். அவள் வந்து பார்த்தால், நான் சொல்லாத பதிலை அந்தப் பூ சொல்லிவிடும். இப்போது எழுதும்போது என் மடத்தனம் எனக்கே தெரிகிறது. அப்போது அதை விட்டால் வேறு வழியே இல்லை என்று நம்பினேன்.

முதல் தடவை சொதப்பினேன். மலைச் செம்மண்ணில் சாணி எருவைக் கலந்து தொட்டியில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, கிழங்கைப் புதைத்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் கேழ்வரகுக் கூழ் மாதிரி ஆகி, நாற்றம் குடலைப் பிடுங்கியது. எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். அடுத்த தடவை கீழே போனபோது இன்னொரு கிழங்கோடு ஏரி வண்டலையும் ஒரு சாக்கில் கொண்டுவந்தேன். அகலமான மண்சட்டியில் வண்டலை நிரப்பி, கிழங்கின் குருத்து மேலே தெரிகிற மாதிரிப் படுக்கவைத்து, மேலே இரண்டு விரற்கடை ஆற்றுமணல் பரப்பி, கூழாங்கல் வைத்தேன். தொட்டிக்குள் நான்கு செங்கல் அடுக்கி அதன்மேல் சட்டியை இறக்கினேன். தண்ணீர் ஒரு சாண் மூடினால் போதும். இலை மேலே வந்து விரிய விரிய ஒவ்வொரு செங்கல்லாக உருவிவிட்டால், தண்டும் கூடவே நீளும்.

புழு வராமல் இருக்க மீன் வேண்டும். கொசுப்புழு தின்னும் சின்ன மீன்களைக் கீழே ஒரு கிணற்றில் எங்கள் ஆட்கள் வளர்த்தார்கள். ஊறுகாய் ஜாடியில் பத்துப் பன்னிரண்டு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு மலையேறினேன். வளைவுக்கு வளைவு தண்ணீர் தளும்பி என் பேண்டை நனைத்தது. பஸ்ஸில் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லவே வேண்டாம். ஏழு மீன் உயிரோடு வந்து சேர்ந்தது. கொஞ்சம் பாசியும் விட்டேன்.

ஊர் சும்மா இருக்குமா? "ஊருத் தண்ணியெல்லாம் கவுத்துட்டு, சார் வூட்ல ஏரி கட்றாரு" என்று சிரித்தார்கள். என் பின்வாசலுக்கு 'சார் ஏரி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஊற்றிலிருந்து நான் குடம் சுமந்து வருவதைப் பார்த்தால், "ஏரி ரொம்பிச்சா சார்?" என்று கேட்காத ஆள் கிடையாது. மீன் இருக்கிறது, புழு வராது, வேண்டுமானால் கரண்டியை விட்டுப் பார் என்று ஒவ்வொருவரிடமும் சண்டைக்குப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முந்தைய வருஷம் அவர் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த பழைய பானையைக் கவிழ்க்கிறேன் பேர்வழி என்று கல்லில் மோதி உடைத்திருந்தேன். அதிலிருந்து என்னோடு அதிகம் பேச மாட்டார்.

ஐப்பசியில் நான்கு இலை வந்தது. மார்கழிக் குளிரில் நான்கும் அழுகி, தண்டு குழைந்து போயிற்று. போச்சு, செத்துவிட்டது என்று நினைத்தேன். அந்த மாதம் கீழேயும் போகவில்லை. போய் என்னத்தைப் பேசுவது? தினமும் காலையில் கரண்டியால் மொண்டு பார்ப்பேன். புழு இருக்காது. பார்த்துவிட்டேன் என்று சுவர்க் கட்டத்தில் எழுதியிருக்கலாம்தான். சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு முறை நின்றேன். இவ்வளவு காலம் கழித்து எழுதுகிற முதல் தேதி, அதற்கு முன்னால் பார்க்கவே இல்லை என்று ஒப்புக்கொள்வது மாதிரி இருந்தது. கை ஓடவில்லை.

சாப்பிட்ட கையோடு நாலு பருக்கையை நசுக்கிப் போட்டால் மீன்கள் மேலே வரும். அவற்றோடு பேசினேன். சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு எந்த ஊர், எத்தனை பேருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் மோர் கொடுத்தார்கள் என்று ஒன்று விடாமல் சொல்வேன். வேறு யாரிடம் சொல்வது?

மாசிக் கடைசியில் ஒரு நாள் மணலுக்குள்ளிருந்து சிவப்பாகச் சுருண்ட ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சித்திரை பிறக்கும்போது தொட்டி முழுக்க இலை. தண்ணீருக்குள்ளே சுட்டுவிரல் நுனி அளவு ஒரு மொட்டு. ஓடிப்போய் ஒரு கார்டு எழுதிப் போட்டேன். "ஒருமுறை மேலே வந்து போ. உனக்கு ஒன்று காட்ட வேண்டும்." அதற்கு மேல் ஒரு வரி இல்லை. என்ன காட்டப் போகிறேன், எந்தத் தொட்டியில், ஒன்றும் எழுதவில்லை. பூவைப் பார்த்து அவள் அசந்துபோக வேண்டுமாம்!

எப்போது வருவாள் என்று பதில் வரவில்லை. எனக்கு மூன்று நாள் நடை வந்துவிட்டது. கிளம்பும் காலையில் மொட்டு தண்ணீருக்கு மேலே தலை நீட்டியிருந்தது. திரும்பி வரும்போது விரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் வந்து, பையைக்கூட வைக்காமல் நேரே பின்வாசலுக்குப் போனேன். தொட்டி தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. மேலே ஒரு கல். ஊரெல்லாம் நான் கற்றுக்கொடுத்த அதே முறை. தரை காய்ந்து, மணலும் கூழாங்கல்லும் ஒரு ஓரமாகக் கூட்டிக் குவிக்கப்பட்டிருந்தன.

வேலியைத் தாண்டிப் போய் பக்கத்து வீட்டு அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு ஓட்டைப் பானைய ஒடச்சதுக்கு இப்பிடியா பழி வாங்குவ? உனக்கு மனசாட்சி கீதா? எட்டு மாசம் சொமந்து ஊத்தின தண்ணி!" என்று ஆரம்பித்து, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். ஊரே கூடிவிட்டது. கூடியவர்களையும் விட்டுவைக்கவில்லை, சிரித்தவர்களையெல்லாம் பேர் பேராகச் சொல்லித் திட்டினேன். அந்த அக்கா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். புடைப்பதை நிறுத்தவில்லை. நான் மூச்சு வாங்க நின்றபோதுதான் முறத்தைக் கீழே வைத்தார்.

"கவுக்க ஒரு கை புடிச்சது நான்தான் சார். ஆனா நானா கவுக்கல. உங்க வூட்டம்மா வந்தாங்க."

அவரே சொன்னார். முந்தாநாள் காலை பஸ்ஸில் வந்தாளாம். நான் இல்லாததால், நடைக்குப் போகும்போதெல்லாம் நான் கொடுத்துவிட்டுப் போகும் சாவியை அக்காவிடம் வாங்கித் திறந்து, பின்வாசலுக்குப் போயிருக்கிறாள். போன வேகத்தில் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டாளாம். "மூஞ்சில ரத்தமே இல்ல சார். 'அக்கா, அதே தொட்டி. மறுபடியும் தண்ணி நிக்குது'ன்னாங்க. மீனு கீது, புழு வராதுன்னு நான்தான் சொன்னேன், நீங்க கத்தறத கேட்டுக் கேட்டு எனக்கும் தெரியுமே. 'தெரிதுக்கா. ஆனா பாக்க முடில'ன்னாங்க. அப்பறம் மத்தியானம் பஸ்ஸ வுட்டுட்டு அந்த மீன ஒவ்வொண்ணா டீ வடிகட்டில புடிச்சி வச்சிட்டு, சாயங்கால பஸ்ல கீழ போய்ட்டாங்க. உள்ள போய்ப் பாருங்க. பாத்துட்டு வந்து திட்டுங்க."

உள்ளே போனேன். அடுப்பு மூலையில் எங்கள் பெரிய பித்தளை அண்டா. அதன் வாயில் வெள்ளைத்துணி போட்டு, சணலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். குடிதண்ணீரை இப்படித்தான் மூடிக் கட்ட வேண்டும் என்று நான் வீட்டுக்கு வீடு செய்து காட்டுவேன். முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே சட்டியோடு அல்லி, ஏழு மீன். இரண்டு நாள் வெயில் படாமல் இலைகள் வெளுத்திருந்தன. மொட்டு விரியாமலே தலை கவிழ்ந்திருந்தது. செடியைக் கொல்லவும் அவளுக்கு மனசு வரவில்லை, தண்ணீர் திறந்து நிற்பதைப் பார்க்கவும் முடியவில்லை.

வாசலுக்கு வந்தேன். அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். காவிக் கட்டத்துக்குள், மேல் மூலையில், அடுப்புக்கரியால் ஒரு தேதி எழுதியிருந்தது. அவள் கையெழுத்து. முந்தாநாள் தேதி. என் வீட்டைச் சோதித்துப் பார்த்த முதல் ஆள் அவள்.

அக்காவிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. "தப்பு என்மேலதான்கா" என்றேன். "பானைக்கும் சேத்தா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் சட்டியையும் மீன்களையும் ஒரு வாளியில் வைத்து எடுத்துக்கொண்டு கீழே போனேன். மாமியார் வீட்டு வாசலில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தேன்.

"நான் பாக்கல" என்றேன். "ஊரெல்லாம் பாத்தேன். நம்ம வூட்டுத் தொட்டிய நான் பாக்கல."

கையில் இருந்த ஈரச் சேலையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "இத சொல்ல இத்தினி நாளா?" என்றாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும்தான். பிள்ளை போனபோதுகூட நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து அழுததில்லை.

பொழுது சாய்வதற்கு முன் வாளியைத் தூக்கிக்கொண்டு அவளே முன்னால் நடந்தாள். ஏரிக்கரையில் இறங்கி, சட்டியைச் சரித்து, கிழங்கை மற்ற அல்லிகளுக்கு நடுவே சேற்றில் அமுக்கினாள். மீன்களையும் விட்டாள். "நிக்கற தண்ணி இங்க நிக்கட்டும்" என்றாள். என்னோடு வருகிறாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். "வாரா வாரம் பாருங்க. பாத்துட்டு எழுதுங்க. நான் வந்து பாப்பேன்." வெறும் வாளியோடு கடைசி பஸ்ஸில் திரும்பினேன்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு நானே போனேன். அண்டா, குடம், கோழிக்கு அக்கா வைத்த புதுச் சட்டி உட்பட எல்லாவற்றையும் மொண்டு பார்த்து, கவிழ்த்து, துடைத்து, அவள் எழுதிய கரிக்குக் கீழே சுண்ணாம்புக்கட்டியால் தேதி எழுதினேன். பேச மீன்கூட இல்லை. சாயங்காலங்கள் முன்பைவிட நீளமாக இருந்தன. கவிழ்ந்த தொட்டிமேல் உட்கார்ந்து எத்தனை வெள்ளிக்கிழமை ஆனது என்று எண்ணுவேன்.

புரட்டாசியில்தான் வந்தாள். வந்தவள் உள்ளே நுழையவில்லை. தோளில் மாட்டிய பையை இறக்காமல் சுவருக்கு முன்னால் நின்று, விரலை வைத்து ஒவ்வொரு தேதியாகப் படித்துக்கொண்டே வந்தாள். ஆவணியில் ஒரு வாரம் விட்டுப்போயிருந்தது. விரல் அங்கே நின்றது.

"இந்த வாரம் இன்னா ஆச்சு?"

"காய்ச்சல். எழுந்திரிக்க முடில. அக்காதான் கஞ்சி வச்சிக் குடுத்தாங்க."

பையைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.